நாலு மூலைக்குக் கல்

வரைபடத்தில் எங்கள் வீடு கடலாக இருந்தது. கரை எவ்வளவு அரித்திருக்கிறது என்று அளக்க வந்த சார் டேப்லெட்டைக் காட்டினார். அலையைத் தடுக்கக் கல் கொட்டப்போகும் சிவப்புக் கோடு, எங்கள் வரிசைப் பதினோரு வீடுகளையும் கடல் பக்கம் விட்டுவிட்டுப் பின்னால் ஓடியது.

“இங்க வீடே இல்லம்மா. எல்லாம் நீலமா இருக்கு. கம்ப்யூட்டர் தண்ணின்னு எடுத்திருக்கு” என்றார், எங்கள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டே.

“அப்ப நீ நீந்தியா வந்த?” என்றாள் அம்மா.

சார் சிரித்தார். நான் அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். போன புயலில் கூரைகள் பறந்தபோது இவருடைய ஆபீஸில்தான் வரிசை முழுவதுக்கும் நீலத் தார்ப்பாய் கொடுத்தார்கள். அதைச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மாவுக்குக் கேட்டது.

“அடுத்த படம் எப்ப எடுப்பீங்க?” என்று சாரைக் கேட்டாள்.

“சேட்டிலைட் வியாழக்கிழமை மேல வரும். ஆனா கோடு போட்டுக் கையெழுத்தாயிடுச்சும்மா.”

அம்மா பெட்டியைத் திறந்து, ஒரே ஒரு முறை கட்டிய கூறைப்புடவையை எடுத்தாள். ஏணி வைத்துக் கூரையில் ஏறி, நீலத்தின்மேல் அந்தச் சிவப்பை விரித்தாள்.

“காத்துல பறக்கும். நாலு மூலைக்கும் கல்லு எடுத்துக் குடுடி.”

ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். கீழே நின்ற சார் மறுபடி சிரித்தார். நாலும் கொடுத்த பிறகு குனிந்து ஐந்தாவது கல்லையும் எடுத்தேன். சார் சிரிப்பதை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தார்.