மருதாணி காய்வதற்குள்

"சீதா, அவருக்குப் போன் போட்டுச் சொல்லிடு. நாளைக்குக் கோயில் கல்யாணம் வேணாம்லா!"

சீதாலெட்சுமி அசரவில்லை. கிளினிக்கில் நர்ஸ் வேலை பார்ப்பவள். இதைவிடப் பெரிய ஓலமெல்லாம் கேட்டவள். புஷ்பவல்லியின் கையை மடியில் இழுத்து வைத்து, அரைத்த மருதாணியை அப்பினாள்.

"ரெஜிஸ்டர் பண்ணியே மூணு மாசமாச்சு. சட்டப்படி அவரு உங்க புருஷன். தாலி கட்ட கிள்ளான்ல கோயில் புக் பண்ணியாச்சு. இப்பப் போய் என்ன பயம்?"

"தாலிக்குப் பயமில்ல. அதுக்கப்புறம்…" புஷ்பவல்லி குரலைத் தாழ்த்தினாள். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் மெல்லிய சுவர்களை நம்ப முடியாது. கூடத்தில் ஆண்கள் டிவியில் பூப்பந்து பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

கார்த்திகேசு தங்கமான மனுஷர். பதிவு முடிந்தும், தாலி ஏறாமல் சேர்ந்து வாழக்கூடாது என்ற வழக்கப்படி, சனிக்கிழமைதோறும் வந்து கூடத்தில் தேநீர் குடித்துவிட்டுப் போவார். அவள் மேல் விரல்கூடப் பட்டதில்லை. அவர் வராத ஒரு சனிக்கிழமை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவரை விட மனமில்லை. ஆனால் நாளை ராத்திரியை நினைத்தால்தான் பயம்.

"கண்ணை இறுக்க மூடிக்க, அசையாம கிட, சீக்கிரம் முடிஞ்சிடும்னு எங்க சின்னம்மா சொன்னாங்க."

"நீங்க என்ன, பல்லு புடுங்கவா போறீங்க?" சீதா சிரித்தாள். "சந்தோஷம் ரெண்டு பேருக்கும்தான். உடம்பு மெல்ல மெல்ல இறுகிக்கிட்டே போய், ஒரு நேரத்துல அப்படியே பூரிச்சு லேசாகிடும். அதைத்தான் உச்சம்னு சொல்றது. பொம்பளைக்கும் உண்டு."

"பொம்பளைக்குமா!"

காதைப் பொத்தலாம் என்றால் இரண்டு கையிலும் மருதாணி.

"உண்டு. ஆனா அவசரப்பட்டா வராது. எங்க தொட்டா நல்லாயிருக்குன்னு நீங்கதான் வாயைத் திறந்து சொல்லணும். அவரு என்ன ஜோசியரா? சில நாள் வராமலும் போகும். அது குத்தமில்ல. வந்த மாதிரி நடிக்கத்தான் கூடாது."

"எனக்கு வேணாம்னு தோணுச்சுன்னா?"

"வேணாம்னு சொல்லுங்க. பாதியில தோணினாலும் சொல்லலாம். உடனே நிறுத்தணும். தாலி கட்டிட்டா மட்டும் உங்க உடம்பு அவரு சொத்தாயிடாது."

"கோவிச்சுக்கிட்டா?"

"அவரா? யாரும் கேக்காமலே ரத்த டெஸ்ட் எடுத்து, எல்லாம் நல்லாயிருக்குன்னு சொல்லிட்டுப் போனவரு. பாதுகாப்புக்கு ஆணுறையும் நானே கிளினிக்ல வாங்கி உங்க பையில வச்சிருக்கேன். உங்களையும் கேட்டுட்டுத்தான் தொடுவாரு."

புஷ்பவல்லி நம்பவில்லை. "எந்த ஆம்பளைடி கேட்டுட்டுத் தொடுவான்?"

"ஏன், எங்க வீட்ல இன்னமும் கேட்டுட்டுத்தான்…" சீதா சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். இவளிடம் போய் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

புஷ்பவல்லிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் உள்ளுக்குள் என்னவோ ஒரு பெருமை பொங்கியது.

"நெசமாவா?"

"நெசமா."

புஷ்பவல்லி பச்சை விரல்களை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப… மொதல்ல சும்மா கையைப் பிடிச்சுக்கிட்டுப் பேசிட்டிருக்கலாமான்னு கேக்கவா?"

"கேளுங்க. அதுலேருந்துதான் எல்லாம். போன் போடணுமா இப்ப?"

"வேணாம், வேணாம்."

கதவு தட்டப்பட்டது. வெளியே ஜெயராஜ்.

"அம்மா! மருதாணி காஞ்சிடுச்சா? சீதாவையும் கூட்டிக்கிட்டு வாங்க, தோசை ஆறுது!"

"எங்க வீட்டுக்காரரு கூப்பிடுறாரு. எழுந்திரிங்க அத்தை," என்றாள் சீதா.

நாற்பத்தைந்து வயதுக் கல்யாணப் பெண், பேத்தியின் பொம்மையை மிதிக்காமல் எழுந்து, மருமகளின் காதோரம் குனிந்தாள்.

"போய்ச் சேர்ந்த உன் மாமனார் ஒரு நாள்கூட என்னைக் கேட்டதில்லடி. ஆனா அவரு மகனை நான் நல்லாத்தான் வளர்த்திருக்கேன்."