மூப்பருக்கு ஒரு சாட்சி

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் தேவஇரக்கம், தாராவியில் வேதமாணிக்கத்தின் அறைக்கு வந்தார்.

“சபைக்கு மூப்பரா உங்க பேரைத்தான் எல்லாரும் சொல்லுதாவ.”

“வேண்டாம் ஐயா. குடிகாரன் சபையை நடத்தக் கூடாதுன்னு வேதத்துல இருக்குல்லா?”

“நீங்க குடியை விட்டு ஒம்பது வருஷமாச்சே.”

“தன் வீட்டை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படி நடத்துவான்னும் இருக்கு. என் அடி தாங்காமத்தான என் வீட்டுக்காரி பிள்ளையைத் தூக்கிட்டு ஊருக்கு, நாசரேத்துக்குப் போனா? அன்னைக்குத்தான் குடியை விட்டேன். விட்டு என்ன, இந்த ரூம்ல நான் மட்டுந்தான் இருக்கேன்.”

போதகர் சட்டைப்பையிலிருந்து ஓர் இன்லேண்டு கடிதத்தை எடுத்தார்.

“அதனாலதான் உங்க வீட்டம்மாவுக்கே எழுதிக் கேட்டேன். பதில் வந்திருக்கு.”

வேதமாணிக்கத்துக்கு அதை வாங்கக் கை வரவில்லை. “நீங்களே வாசிங்க ஐயா.”

போதகர் வாசித்தார்.

‘அவர் இப்போது குடிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். மாதாமாதம் எழுதும் கடிதத்தில் கையெழுத்து நடுங்காமல் இருக்கிறது. சபைக்கு அவர் தகுதியானவர்தான். மூப்பராக்குங்கள். என்னை மட்டும் அங்கே வரச் சொல்லாதீர்கள்.’

போதகர் கடிதத்தை மடித்தார்.

வேதமாணிக்கம் கை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

“ஒம்பது வருஷமா ஒரு பதிலும் போட்டதில்லை. கிழிச்சுப் போட்டிருப்பான்னு நெனச்சேன். அப்போ, எல்லாத்தையும் வாசிச்சிருக்கா.”