மூன்று விழுக்காடு

மேடைப்படியில் கால் வைத்தவளை நிறுவன இயக்குநர் கைகாட்டி நிறுத்தினார்.

“மூணுன்னு போட்டா ஊரே சிரிக்கும்மா. பேசாம ‘மேம்பட்ட அனுபவம்’னு போட்டுட்டு வந்துடு.”

“செஞ்சது மூணு சார். மூணுதான் காட்டுவேன்.”

“சிரிச்சாங்கன்னா அடுத்த சில்லு உன் குழுவுக்குக் கிடையாது, பாத்துக்க.”

அவள் மேலேறினாள்.

கணினிச் சில்லுகளை வடிவமைப்போர் ஆண்டுக்கொருமுறை கூடும் அரங்கு அது. தன் புதிய சில்லு பழையதைவிட எவ்வளவு வேகமானது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் திரையில் ஓர் எண்ணாகக் காட்டுவது வழக்கம்.

ஒரு காலத்தில் வேகம் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகும், விசில் பறக்கும். பின்னர் எண் சுருங்கிற்று. சுருங்கச் சுருங்க வண்ண விளக்குகள் கூடின.

இன்று காலை போட்டி நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் திரையிட்ட படத்தில் கடல் பொங்கியது, குதிரை பாய்ந்தது, குழந்தை சிரித்தது. எண் மட்டும் இல்லை.

அவரைக் குறை சொல்வதற்கும் இல்லை. வேகத்தைக் கூட்டினால் சில்லு சூடேறிச் செத்துப்போகிறது. முன்னோர் பிழிந்தது கரும்பு. இந்தத் தலைமுறைக்கு வாய்த்தது சக்கை. அந்தச் சக்கையை அவளும், கடைசி வரிசையில் நகம் கடித்துக்கொண்டிருந்த அவள் குழுவினரும் இரண்டு ஆண்டுகள் பிழிந்து, மூன்று சொட்டு எடுத்திருந்தார்கள்.

பொத்தானை அழுத்தினாள்.

வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து: மூன்று விழுக்காடு.

கடலில்லை, குதிரையில்லை.

எங்கோ ஒருவர் ‘க்ளுக்’கென்று சிரித்தார். இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவள் தலை தாழவில்லை.

அப்போதுதான் அந்த ஒற்றைக் கைதட்டல் கேட்டது. மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்து நின்றே தட்டினார்.

காலையில் குதிரை காட்டியவர்.

அரங்கு முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. எண்ணை மறைத்தவருக்கல்லவா எண்ணின் அருமை தெரியும்! சிரித்தவரும் எழுந்தார். பிறகு அடைமழைதான்.

“நம்ம பொண்ணாக்கும்!” என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார் இயக்குநர்.

மாலையில், வாகன நிறுத்தத்தில், குதிரை காட்டியவர் ஒரு காரின்மேல் சாய்ந்தபடி அவளுக்காகக் காத்திருந்தார்.

“அடிப்பாவி! எனக்கு ஒண்ணுகூடத் தேறலடி. மூணு எங்கேருந்துடி புடிச்ச?”

நமக்குள் தொழிற்பேச்சு கூடாது என்பது, திருமணத்தன்று இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தம். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் மீறாதவர், இன்று மீறிவிட்டார்.

அவள் மீறவில்லை.

அவர் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்தாள்.