ஞாயிறு மாலை மைதானம்

ஊர் மைதானத்தை ஒதுக்கும் இயந்திரம் கோப்பைகளைப் பார்ப்பதில்லை. போன வாரம் எந்த அணி அதிகம் சிரித்தது என்றுதான் பார்க்கும். அதனால் ஞாயிறு மாலை எப்போதும், தோற்றுக்கொண்டே இருக்கும் தபால் காலனிப் பெண்களுக்கே கிடைத்தது. மாவட்டக் கோப்பை வென்ற எறிபந்து அணியின் தலைவி எஸ்தருக்குச் செவ்வாய் மதிய வெயில்.

"சிரிங்கடி!" என்று தன் பெண்களை அதட்டிப் பார்த்தாள். போலிச் சிரிப்பை இயந்திரம் ஏற்கவில்லை.

ஞாயிறன்று வயிறெரிய வேலியோரம் போய் நின்றாள். உள்ளே அவளுடைய சிறந்த ஆட்டக்காரி வளர்மதி, காலனிப் பெண்களோடு ஆடி, பந்தைத் தவறவிட்டு, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ஒருநாளாவது இப்படிச் சிரிச்சிருக்கியாடி?"

"உங்ககிட்ட பந்தை விட்டா அழத்தானேக்கா முடியும்?"

செவ்வாயன்று ஒருத்தி பந்தை நழுவவிட்டாள். எஸ்தர் திட்டவில்லை. திட்டு வருமென்று எல்லாரும் காத்து நின்றார்கள். ஒருத்திக்கும் சிரிப்பு வரவில்லை.