தினமும் ஒருத்தர்

காணாமல் போன மகளின் பழைய கம்ப்யூட்டரையே சர்வராக்கி, அவள் படத்தோடு ‘வீட்டுக்கு வாம்மா’ என்று இணையப் பக்கம் போட்டிருந்தார் அப்பா.

“ரெண்டு வருஷமா ஒரே இரைச்சல். அந்தச் சனியனை அணைச்சுத் தொலைங்க. போனவ போனவதான்!” என்று மனைவி எரிந்து விழுந்தாள்.

“என்னைத் தவிர தினமும் ஒருத்தர் பார்க்குறதா பதிவாகுது. அவதாண்டி! எங்கேயோ உசுரோட இருக்கா.”

மறுநாள் அந்தக் கம்ப்யூட்டரின் ஃபேனை மாற்ற வந்த மெக்கானிக் தயங்கினான்.

“சார், இதுக்கு வெளி இணைப்பே கொடுக்கலையே. இந்தப் பக்கம் உங்க வீட்டு வைஃபையில மட்டும்தான் திறக்கும்.”

“அப்போ தினமும் பார்க்குறது?”

சமையலறை வாசலில் நின்ற மனைவி, செல்போனைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அதில் அந்தப் பக்கத்துப் படத்தில் மகள் சிரித்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார்.