கரண்ட் பில் பொருத்தம்

"ஜாதகமெல்லாம் இருக்கட்டும்ப்பா. மொதல்ல கரண்ட் பில்லைக் காட்டச் சொல்லுங்கோ."

மகள் வீணா இப்படிச் சொன்னதும் ஆராவமுதன் தலையைக் குனிந்துகொண்டார். பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் எந்தக் கான்ட்ராக்டருக்கும் பயப்படாதவர், மகளுக்குப் பயந்தார்.

வீணா ஜெயநகரில் ஒரு பள்ளியில் சுற்றுச்சூழல் பாடம் எடுப்பவள். இதுவரை மூன்று வரன்களைத் தட்டிக்கழித்திருந்தாள். ஒருவன் கை கழுவிவிட்டுக் குழாயைச் சரியாக மூடவில்லை. இன்னொருவன் வீட்டில் பட்டப்பகலில் ஏழு விளக்குகள் எரிந்தன. மூன்றாமவன் தட்டில் பாதிக் கேசரியை மிச்சம் வைத்தான்.

"அவா வந்து என்னைப் பாக்க வேண்டாம். நாம போய் அவா ஆத்தைப் பாக்கலாம்" என்பது அவள் சட்டம்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுகோடிக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் வெங்கிக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை. பெற்றோர் மைசூரில். மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் இரண்டு வருஷமாகத் தனிக்கட்டை. கதவைத் திறந்தவன் வீணாவைப் பார்த்ததும், மனப்பாடம் செய்து வைத்திருந்ததையெல்லாம் மறந்துவிட்டான்.

பில்லை எடுத்துக் கொடுத்தான். வீணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள்.

"நாப்பது யூனிட்டா?"

"நாலுங்க."

"ஒரு மாசத்துக்கா?"

வெங்கி தலையாட்டினான்.

"ஃப்ரிட்ஜ்?"

"வாங்கலீங்க."

"வாஷிங் மெஷின், டிவி?"

"அதுவும் இல்லீங்க."

"கீஸர் இருக்கே?"

"ஒரு நாள்கூடப் போட்டதில்லீங்க."

வீணா குளியலறைக்குள் எட்டிப் பார்த்தாள். கீஸரில் கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர்கூட உரிபடவில்லை.

"அப்பா, டிசம்பர் மாசக் குளிர்லயும் பச்சைத்தண்ணிதான்!" என்றாள். குரலில் மரியாதை ஏறியிருந்தது.

ஆராவமுதன் மெல்லத் தொண்டையைச் செருமினார். "ஒரு வாய் காபி கிடைச்சா…"

"பால் வாங்கறதில்லை மாமா" என்றான் வெங்கி சங்கடமாக.

"பிளாஸ்டிக் கவர்லதானேப்பா பால் வரது? அதான்" என்று வீணாவே விளக்கம் சொன்னாள். "காஸ் சிலிண்டர் எத்தனை நாளைக்கு வரும்?"

"குடி வந்தப்ப எடுத்ததுங்க. இன்னும் தீரலை."

"சமைக்காத உணவு! காய், பழம், முளைகட்டின பயறு, இல்லையா?"

வெங்கி வாயைத் திறந்தான். "இல்லீங்க, நெஜத்தைச் சொல்லணும்னா, நான் வந்து…"

அதற்குள் வாசலில் ஒரு குரல் கேட்டது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் மஞ்சுநாத். வெங்கிக்குப் பெண் வீட்டார் வந்திருக்கிறார்கள் என்று காவலாளி சொல்லி, சாட்சி சொல்லவே மாடி ஏறி வந்திருந்தார்.

"ஒள்ளே ஹுடுக ஸார், தங்கமான பையன்! இது டாங்கர்ல தண்ணி வாங்கற பில்டிங். தண்ணிக்காக எல்லார் கூடவும் ஜகளா பண்ணியிருக்கேன். இவர் கூட ஒரு நாளும் சண்டை வந்ததில்ல. குப்பை எடுக்கற அம்மா இந்த வாசல்ல நிக்கறதே இல்ல. ஒரு கவர் குப்பைகூட வெளிய வந்தது கிடையாது!"

"ஐயோ, அது வந்து மஞ்சுநாத் ஸார்…" என்றான் வெங்கி.

"பாத்தீங்களா? புகழ்ந்தா புடிக்காது!" என்று அவன் முதுகில் ஓங்கித் தட்டினார் மஞ்சுநாத். வெங்கி சொல்ல வந்தது இருமலாக வெளியே வந்தது.

வீணாவின் கண்கள் கலங்கிவிட்டன. ஐந்து வருஷமாகக் குழந்தைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சொல்லிக்கொடுத்த வாழ்க்கையை, ஒருத்தன் சத்தமில்லாமல் வாழ்ந்து காட்டிக்கொண்டிருக்கிறான். அவள் வெங்கியை நேராகப் பார்த்தாள். அவனும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"எனக்குச் சம்மதம்" என்றாள். "ஆனா ஒரே ஒரு கண்டிஷன்."

ஆராவமுதன் கண்ணை மூடிச் சாமியை வேண்டிக்கொண்டார்.

"எனக்காக நீங்க எதையும் மாத்திக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முந்தி எப்படி இருக்கேளோ, கல்யாணத்துக்கு அப்புறமும் நாம ரெண்டு பேரும் அப்படியேதான் இருக்கணும். சத்தியம் பண்ணுங்கோ."

வெங்கி ஒரு கணம் யோசித்தான். பிறகு அவள் நீட்டிய கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

ஆராவமுதன் அந்த ஆனந்தத்தில் காபியை மறந்தார். மஞ்சுநாத் வாய் நிறையச் சிரித்தபடி அப்பாவையும் மகளையும் ஆட்டோ வரை கொண்டுபோய் விட்டுவந்தார்.

வெங்கி கதவைச் சாத்தினான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போன் போட்டான். எடுத்தவர் அலுவலகத்தின் காவலாளி இராஜமாணிக்கம்.

"அண்ணே, வெங்கி பேசறேன். ஹோசூர் ரோடு ட்ராஃபிக்குக்குப் பயந்து, ரெண்டு வருஷமா நம்ம ஆபீஸ் டார்மிட்டரியிலயே தூங்கி, ஜிம்ல சுடுதண்ணில குளிச்சு, கேன்டீன்ல மூணு வேளையும் சாப்பிட்டு ஓட்டிட்டேன். கல்யாணம் ஆனா அங்கயே ரெண்டு பேருக்கு இடம் குடுப்பாங்களா? அப்புறம், அந்த ஏசிய மட்டும் கொஞ்சம் அணைச்சு வைக்க முடியுமாண்ணே? அவங்களுக்கு அது புடிக்காது."