கீறல் விழாத கார்

"ஹேர் டிரையரை இன்னும் கொஞ்சம் கிட்ட பிடி. சூடு பட்டாத்தான் இது இழுத்த இழுப்புக்கு வரும்" என்றார் ரயில்காரர், காருக்குள் பாதியும் வெளியே பாதியுமாக மடங்கிக்கொண்டு.

ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்பதால் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். வீட்டுக்குள்ளிருந்து இழுத்த வயரில் ஹேர் டிரையரைச் செருகி, மனைவி அவர் சொன்னபடி பிடித்தாள். அவள் வழக்கமாக உட்காரும் முன் சீட்டுக்கு எதிரே, டாஷ்போர்டின் குறுக்கே ஓடும் பிளாஸ்டிக் பட்டை முழுக்கக் கீறல். ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அதன் மேல் கறுப்பு வினைல் ஷீட்டை ஒட்டிக்கொண்டிருந்தார் அவர்.

"நாலு நாலா கோடு பாரு! உன் கைப்பைக்கு அடியில நாலு இரும்புக் குமிழ் இருக்கே, அதோட வேலை. ஆறு வருஷமா தலைப்பாடா அடிச்சுக்கறேன், பையை இது மேல வைக்காதேன்னு."

"ஆமாங்க, பைதான்."

"இன்னிக்கு அது வீட்லயே இருக்கட்டும்."

"சரிங்க" என்றாள். ஒன்று சொன்னால் ஒன்பது பேசுகிறவள் இன்றைக்கு மறுபேச்சே பேசவில்லை. மகள் வருகிற பயம் அவளுக்கும் இருக்காதா என்று நினைத்துக்கொண்டார்.

எல்லாம் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் செய்த வேலை. "உங்கப்பா கார்ல ஒரு தடவைதான் போனேன். என் பல்லே ஆடிப்போச்சு" என்று மகளிடம் போனில் வத்தி வைத்துவிட்டார். மகள் அப்போதே சொல்லிவிட்டாள். "நேர்ல வந்து பாப்பேன். கார்ல ஒரு கீறல் இருந்தாலும் சரி, அம்மா பயந்தாலும் சரி, சாவி என் கைக்கு வந்துடணும்."

சாவி போய்விட்டால் காய்கறி வாங்கக்கூட யாரையாவது கெஞ்ச வேண்டும். பழைய ஏடிஎம் கார்டால் ஷீட்டுக்கு அடியில் சிக்கிய காற்றைத் தள்ளி, அடங்காத கொப்புளத்தை ஊசியால் குத்தி, ஓரத்தைப் பிளேடால் நறுக்கினார். கடையில் செய்த மாதிரி பளிச்சென்று இருந்தது.

"ஏங்க, இன்னிக்கே வண்டி எடுக்கணுமா? ஒரு நாள் கை படக்கூடாது, அமுக்கினா அப்படியே பதிஞ்சுடும்னு கடைக்காரர் சொன்னாரே?"

"பைதான் வரப்போறதில்லையே. அப்புறம் யாரு அமுக்கப் போறா?"

மனைவி ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மகள் வந்ததும் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பம்பருக்குக் கீழே குனிந்துகூடப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

"முப்பத்தஞ்சு வருஷம் ரயில் ஓட்டினவன்மா நான்!"

"அது தண்டவாளம்ப்பா. திருப்பற வேலையே கிடையாது."

அம்மா முன்னால், மகள் பின்னால். வண்டி கிளம்பியது. ரயில்காரரைப் பொறுத்தவரை, ஹாரன் அடித்தாயிற்று என்றால் எதிரே வருகிறவன் வழி விட்டாக வேண்டும். எல்லோரும் விட்டார்கள், ஒருவர் ஸ்கூட்டரோடு நடைபாதையிலேயே ஏறிவிட்டார்.

"அப்பா, லாரி!"

"தெரியுதும்மா. யானை மாதிரி நிக்குது, தெரியாம இருக்குமா?" என்றவர், லாரிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி நுழைந்து வெளியே வந்தார்.

"அம்மா, உனக்குப் பயமா இல்லையா?"

"பயமா? உங்கப்பா ஓட்டினா எனக்குத் தூக்கம்தான் வரும்" என்றாள் மனைவி, பார்வையை ரோட்டிலிருந்து எடுக்காமலே. அவருக்கு உச்சி குளிர்ந்தது. இந்த ஒரு வார்த்தைக்காக அவளுக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது.

வீட்டு வாசலில் இறங்கிய மகள், இழுத்துப் பிடித்த மூச்சை விட்டாள்.

"எனக்குப் பயமாத்தான் இருந்துச்சுப்பா. ஆனா கார்ல கீறலும் இல்ல, அம்மாவுக்குப் பயமும் இல்ல. சொன்னா சொன்னதுதான். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

ரயில்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "உள்ள நான் செஞ்ச வேலையை நீ இன்னும் பாக்கலியே! வா, வா" என்று மறுபக்கம் ஓடினார். அங்கே மனைவி கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தாள்.

"வெயில் கொளுத்துது. முதல்ல உள்ள வந்து தண்ணி குடிங்க, அப்புறம் பாக்கலாம்."

"அட, நகரு!"

அவளை ஒதுக்கிவிட்டுக் கதவைத் திறந்தார். "பாரும்மா, தடவிப் பாரு, ஒரு கீறல்..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

காலையில் ஒட்டிய வினைலில் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, எட்டு நகங்கள் ஆழமாகப் பதிந்திருந்தன. பை வீட்டுக்குள் சோபாவின் மேல் இருந்தது.

அவர் திரும்பிப் பார்த்தபோது மனைவி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தாள்.

அவராகவே சாவியை மகள் கையில் வைத்தார்.

"பாவம்மா அந்தப் பை" என்றார். "ஆறு வருஷமா வாயே திறக்காம என்கிட்ட திட்டு வாங்கியிருக்கு."